ஆடிக் கல்யாணத்தின் வாசலில் நின்றவர்

இசக்கிமுத்து அண்ணாச்சி இறந்துவிட்டார் என்ற செய்தி நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. நான் நம்பவில்லை. துக்கத்தில் நம்ப முடியாமல் போனது என்று சொன்னால் அது பொய். அனுப்பியவருக்கு யார் சொன்னது, போன வருஷம் இதே குழுவில் உயிரோடு இருந்த ஒருவருக்கு மாலை போட்ட படம் வந்ததே என்றுதான் முதலில் யோசித்தேன். அவரோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தால் யாருக்கும் இந்தப் புத்திதான் வரும். அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். அவர் மனைவி செல்லம்மா அக்கா எடுத்தார். "நெசந்தான் டீச்சர். ராத்திரி ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிட்டு" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

தென்காசியில் நம் பள்ளியின் ஸ்டோர் அறை அவர் பொறுப்பில் இருந்தது. புது சாக்பீஸ் வேண்டுமென்றால் தேய்ந்துபோன பழைய துண்டைக் காட்ட வேண்டும். தலைமையாசிரியருக்கும் அதே சட்டம்தான். பெட்டி மேல் நூறு என்று போட்டிருந்தாலும் பிரித்து எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "நூறுன்னு அச்சடிக்கது லேசு டீச்சர், உள்ள போடுததுதான் கஷ்டம்" என்பார். அவரைக் கஞ்சன் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

என் மகள் பியூலாவுக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை அமைந்தபோது என் வீட்டுக்காரர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போனது இரண்டு அறையும் ஒரு முன்கூடமும் உள்ள வீடு மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை. ஆனால் கல்யாணச் செலவு முழுவதும் பெண் வீட்டாருடையது என்று சொல்லிவிட்டார்கள். என் தம்பி வந்து வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிடலாம் என்றான். பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். ஒரு தடவை போன பத்திரம் டீச்சர் சம்பளத்தில் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். கையில் இருந்ததை வைத்துக்கொண்டு ஆவணியில் மண்டபம் தேடினால், வாடகையைக் கேட்டதுமே தலை சுற்றியது.

ஸ்டோர் அறை வாசலில் நின்று இதைப் புலம்பியபோது அண்ணாச்சி சொன்னார். "ஆடியில வையுங்க டீச்சர். உங்க ஆளுகளுக்கு ஆடின்னு என்ன இருக்கு? மண்டபம் காத்தாடும். சமையக்காரன் வீட்ல சும்மா இருப்பான். சொன்ன விலைக்கு வருவான்."

எனக்குச் சந்தேகம் வந்தது. தன் சொந்தக்காரர்கள் ஆடியில் பெண் பார்க்கக்கூடப் போகாத மனுஷர், என் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஆடியைச் சொல்கிறார்? அதோடு விட்டாரா? குற்றாலம் போகும் ரோட்டில் ஒரு மண்டபத்தையும் அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்வருகிறார் என்றும் காதில் விழுந்தது. எங்கள் சொந்தத்திலோ வேறு மாதிரிச் சந்தேகம். கிறிஸ்தவர்கள்தான் என்றாலும் ஊர் வழக்கம் எங்களையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. "ஆடியிலயா? அப்படி என்ன அவசரம்?" என்று என் நாத்தனார் பியூலாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அன்றைக்கு அவள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் அந்த மண்டபத்துக்குப் போனேன். மேனேஜரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு எவ்வளவு கமிஷன் என்று. அவர் சிரித்துவிட்டார். "அவருக்கா? மூணு ஞாயித்துக்கிழமையா வந்து எங்க அண்டா குண்டாவ எல்லாம் கவுத்து ஓட்ட பாத்துட்டுப் போறாரு. நாங்க குடுத்தது ஒரு டீ. அதுலயும் பால் சரியில்லன்னு சொல்லிட்டாரு."

மறுநாள் அண்ணாச்சியின் காதுக்கு விஷயம் போய்விட்டது. நான் ஸ்டோர் பக்கமே போகாமல் இருந்தேன். இடைவேளையில் அவரே என் வகுப்பு வாசலுக்கு வந்தார். "கமிஷன் கேட்டியளாமே" என்றார். நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பினேன். "நல்லது டீச்சர். இத்தன நாளா நீங்க ஒண்ணுமே கேக்கலியேன்னு எனக்குத்தான் உங்க மேல சந்தேகமா இருந்தது. சொன்னதெல்லாம் நம்புத ஆளுக்கு எப்படிக் கல்யாணம் நடத்தி வைக்கதுன்னு பயந்துட்டேன்." அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. அன்றைக்குத்தான் நான் அவரை நம்ப ஆரம்பித்தேன்.

ஆடித் தள்ளுபடியில் பட்டு எடுக்க அவரும் செல்லம்மா அக்காவும் கூட வந்தார்கள். சேலையின் விலைச் சீட்டை அவர் நகத்தால் சுரண்ட, அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. அதில் போட்டிருந்த விலை தள்ளுபடி விலையை விடக் குறைவு. கடைக்காரர் பழைய விலைக்கே கொடுத்தார்.

எங்கள் வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். மூன்று ஞாயிறும் அண்ணாச்சி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாராவது எழுந்திருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல வழக்கம் டீச்சர் இது. எங்கள்ள ஒரு தடவகூட கேக்க மாட்டாவ" என்றார். ஓலை வாசித்த பாதிரி ஐயருக்கே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

முந்நூறு இலைக்குச் சமையல் என்று பேசியிருந்தோம். அதற்கு மேல் ஐம்பது இலை கூடினாலும் என்னால் தாங்க முடியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அண்ணாச்சி ஒரு புதுக் கவலையோடு வந்தார். "இது சீசன் நேரம். அருவியில குளிச்சவனுக்கு எப்படிப் பசிக்கும்னு உங்களுக்குத் தெரியும். ரோட்டுல போகையில சாம்பார் வாசம் அடிச்சா, துண்ட உதறிப் போட்டுட்டு நேரா பந்தியில வந்து உக்காந்துருவான். நான் வாசல்ல நிக்கேன். கோயில்லருந்து வாறவனுக்குத் தல காஞ்சிருக்கும். ஈரத் தலயோட வாறவன விடக்கூடாது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையில் குடையோடு வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மாட்டியவர்கள் நான்கு இளவட்டங்கள். மாப்பிள்ளைக்கு ஃப்ரெண்டுகள் என்றார்கள். பெயரையும் சரியாகச் சொன்னார்கள். "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். நால்வரும் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள். ஊர்ப்பெயரை ஃப்ளெக்ஸில் போடக்கூடாது என்று அச்சகத்தில் அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வேன் வந்தது. ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒன்பது தலையும் ஈரம். முன்னால் வந்த பெரியவரிடம் அண்ணாச்சி அதே கேள்வியைக் கேட்டார். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்து கிளம்பி, வந்த வழியில் அருவியில் இறங்கிக் குளித்து, குளித்த சுகத்தில் கோயில் ஆராதனையையே விட்டுவிட்டவர். அந்தக் குற்றம் வேறு அவருக்கு உள்ளே உறுத்தியிருக்க வேண்டும். "என்னையப் பாத்தா எந்த ஊருன்னு கேக்கீரு?" என்று கத்திவிட்டு வேனுக்குள் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார். தன் தம்பி சாப்பிடாமல் தானும் சாப்பிட முடியாது என்று மாப்பிள்ளையின் அம்மா இலையிலிருந்து எழுந்தார். அந்த வரிசையே எழுந்தது. பியூலா மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அவமானப்படுத்தியதற்குப் பரிகாரமாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் அவர்கள் தெருவுக்கே பெண் வீட்டார் விருந்து வைக்க வேண்டுமாம். இல்லையென்றால் வேன் இப்போதே கிளம்பிவிடுமாம். என் தம்பி காதோடு, "பத்திரத்த வச்சிருவோம் அக்கா" என்றான். நான் சரி என்று தலையை ஆட்டினேன். இத்தனை மாதம் பிடித்த பிடிவாதம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. இந்த ஆளைப் போய் வாசலில் நிறுத்தினேனே என்று அண்ணாச்சி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் தலையாட்டியதை அவர் பார்த்துவிட்டார். நேராக வேனுக்குப் போனார். இன்னும் கெடுக்கப் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். அவர் குனிந்து, "தப்பு எம்மேலதான். மாப்பிள்ள வீட்டு ஆளு யாருன்னு எனக்குத் தெரியல. தெரியாதவன் வாசல்ல நிக்கக் கூடாது. தெரிஞ்ச ஆளு நீங்கதான். உங்க மருமகன் கல்யாணத்துக்கு ஆக்குன சோத்த ஊராரு திங்காவ. வந்து நின்னு பாருங்க. நான் உங்களுக்குக் குடை பிடிக்கேன்" என்றார்.

தாய்மாமா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு இறங்கினார். வாசலில் போய் நின்றதும் அவருக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. பத்து நிமிஷத்தில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றைத் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகப் பிடித்தார். என் சொந்தப் பெரியப்பா மகனையே ரேஷன் கார்டு கேட்காத குறையாக விசாரித்தார். அக்காவைக் கூப்பிட்டு, "நீ போயி சாப்பிடு, நான் இங்கன பாத்துக்கிடுதேன்" என்றார். நாகர்கோவில் விருந்தைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை. கடைசிப் பந்தியில் அண்ணாச்சியும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு போதுமானதாக இருந்தது. பத்திரம் பீரோவிலேயே இருந்தது.

சாயங்காலம் பாத்திரம் ஒப்படைக்கும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கரண்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "எந் தங்கச்சி கல்யாணத்துல நான் யாரையும் ஒரு வார்த்த கேக்கல டீச்சர். ஒரு சொந்தக்காரன நம்பி எல்லாத்தையும் விட்டேன். கல்யாணம் நல்லா நடந்துச்சு. வீடுதான் போச்சு. அன்னையிலருந்து வாடக வீடுதான்."

அந்த வாடகை வீடுதான் கடைசி நாளில் பிரச்சினையாக வந்தது. மாடியில் புதிதாகப் பால் காய்ச்சிக் குடி வந்திருக்கிறார்கள், உடலை இங்கே கொண்டுவர வேண்டாம், ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். அண்ணாச்சியின் மகன் போனில் இதைச் சொன்னான். என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வந்ததும் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தலை தெரிந்தது. அண்ணாச்சியின் சொந்தக்காரர் ஒருவர் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட வேலை பார்த்தவள் என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. முன்கூடத்தில் சிலுவைக்குக் கீழே கிடத்தினோம். தலைமாட்டில் செல்லம்மா அக்கா விளக்கேற்றினார். நீங்கள் எல்லோரும் வந்து மாலை போட்டது அங்கேதான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்றைக்குத்தான் அவர் என் வீட்டுக்குள் முதல்முறையாக வந்தார். கல்யாண வேலையாக எத்தனையோ தடவை வந்திருக்கிறார். எப்போதும் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசிவிட்டுப் போவார். புருஷன் இல்லாத வீடு, தெரு ஏதாவது நினைக்கும் என்று அவர் பயந்தார். நானும் பயந்தேன். அவர் மழையில் நின்ற நாளில்கூட உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை.

அவரால் எனக்கு மிஞ்சியது இந்த வீடு. அவர் உயிரோடு இருந்தபோது இதில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள் அண்ணாச்சி என்று நான் சொன்னதில்லை. அந்தக் குறையையும் இந்த வீட்டோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.