ஹெலிக்கு மீன் காட்டின காலம்

கடல் தொழிலுக்கு மீனைத் தெரிஞ்சால் போதும் எண்டு நினைக்கிறியளோ? சண்டைக்காலத்திலை மன்னார்க் கடலிலை வள்ளம் விட்ட ஆக்களுக்குத் தெரியும், உங்களிலை எத்தினை பேர் என்னோடை சேந்து நடுங்கினனியள்! மேலை வாறது என்னெண்டு நாங்கள் அறியவேணும். கீழை நிக்கிறது ஆரெண்டு ஹெலிகொப்டரிலை வாற ஆமிக்காரனும் அறியவேணும், சுட முதல்.

காதாலை பார்த்தது

எங்கடை வள்ளத்திலை வானம் பார்க்கிற ஆள் சீமான் அண்ணை. பார்க்கிறதென்ன, இஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் காதைக் குடுக்கிறதுதான். சாமான் ஏத்திற பிளேன் எண்டால் சோறு தின்னலாம், ஹெலி எண்டால் சோறு இறங்காது. ஒருநாள், "சாமான் பிளேன்தான், பயப்பிடாமல் சாப்பிடுங்கோ" எண்டார். ரண்டாவது வாய் வைக்கேக்குள்ளை தலைக்கு மேலை ஹெலி! அந்தக் காத்துக்குச் சோற்றுச்சட்டி கடலுக்குள்ளை போயிட்டுது. நல்ல காலம், வேறை அலுவலாப் போனவன், எங்களைத் திரும்பியும் பார்க்கேல்லை. அண்ணையை முறைச்சுப் பார்த்தன். மனிசன் சொல்லுறார்: "காத்து மாறி அடிச்சால் நான் என்ன செய்யிறது?"

நானாட்டான் மச்சான்

ஹெலி பதிஞ்சு, தலைக்கு மேலை தாழ வந்தால் கடலிலை குதிக்கக்கூடாது, ஒளிக்கவும் கூடாது. எழும்பி நிண்டு, பிடிச்ச மீனிலை பெரிசைத் தூக்கிக் காட்டவேணும். நாங்கள் தொழிலாளியள் எண்டு அவனுக்கு விளங்க அதுதான் வழி. என்ரை தங்கச்சியைக் கட்டின அந்தோனி நானாட்டானிலை வயல் செய்தவன், கடலுக்குப் புதுசு. ஹெலி வர, "பெரிசாத் தூக்கடா" எண்டு கத்தினன். அவன் ஆள் நீளச் சீலா மீன் ஒண்டை எடுத்து, மண்வெட்டி வைக்கிற மாதிரித் தோளிலை வைச்சு, மீன்ரை தலையை நேரா ஹெலிக்குப் பிடிச்சான்.

ஐயோ மாதாவே! பக்கத்திலை நிண்ட எனக்கே அது ஹெலிக்கு அடிக்கிற மிசைல் மாதிரித்தான் தெரிஞ்சுது. ஹெலி வாசலிலை இருந்தவன் துவக்கைத் திருப்பினதை என்ரை கண்ணாலை கண்டன். சீமான் அண்ணை பாய்ஞ்சு பறிச்சு, வாலிலை பிடிச்சுத் தொங்கவிட்டுக் காட்டினார். ஹெலி ஒரு சுத்துச் சுத்திப்போட்டுப் போனது. அந்தோனி கேட்டான்: "ஏன் அண்ணை, பாரமானதைத் தோளிலைதானே வைக்கிறது?"

வெறும் வலை

பிறகொருநாள் வலையிலை ஒண்டுமே படேல்லை. அந்த நேரம் பார்த்து ஹெலி பதியுது. எதைத் தூக்கிக் காட்டுறது? நான் வலையைத் தூக்கினன், அந்தோனி வெறுங்கையைத் தூக்கினான். சடசடவெண்டு வெடி. அந்தோனியின்ரை கை முழுக்க ரத்தம். உயிர் தப்பினான், ரண்டு விரல் போயிட்டுது. மீன் படாததுக்கு மனிசனைச் சுடுறதோ?

கை ஆறினதும் திரும்பக் கடலுக்கு வெளிக்கிட்டான். வயலுக்குப் போற பாதையை ஆமி பூட்டி வைச்சிருந்தது, வேறை என்ன செய்வான்? அண்டு விடிய என்ரை தங்கச்சி ரீற்றா கரைக்கு வந்தாள். அழேல்லை, மறிக்கேல்லை. மீன் வியாபாரி காதர் நானாவிட்டை பெரிய பாரை மீன் ஒண்டை வாங்கி, எங்கடை வள்ளத்துக்குள்ளை வைச்சு, ஈரச்சாக்காலை மூடினாள். "மீன் பட்டாலும் படாட்டிலும் இதைத் தூக்குங்கோ" எண்டாள். நானா தலையிலை கை வைச்சுக்கொண்டு சொன்னார்: "அல்லாஹ்வே, கடலுக்குப் போற வள்ளத்துக்கு நான் மீன் வித்தது இதுதான் முதல் தரம்."

அதுக்குப் பிறகு நாங்கள் வலையை மறந்துபோட்டுக் கடலுக்குப் போன நாளும் உண்டு, மீன் இல்லாமல் போன நாள் இல்லை.