ஈரமுள்ள முதலாளிக்கு ஒரு வாழ்த்து மடல்

நீ உன் புத்தகத்தில் பொய் எழுதியிருக்கிறாய். அந்த வாழ்த்து மடலைக் கல்யாணத்தில் நீ படிக்கவில்லை. நான்தான் படித்தேன்.

அறுபதுகளில் நான் காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்துகொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூட வாத்தியார். டீக்கடையில் உட்கார்ந்து ஊரில் எல்லோரையும் நையாண்டி செய்வாய். நானும் சிரிப்பேன். என் முதலாளி நூலை நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளித்து வைப்பார் என்று உன்னிடம் சொன்னவன் நான். ஈர நூல் எடை கூடும். நெய்த சேலை காய்ந்து எடை குறைந்தால் நூலைத் திருடிவிட்டோம் என்பார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு நீ மடல் எழுதி அச்சடித்துக் கொண்டுவந்தாய். "எங்கள் முதலாளி ஈரமுள்ளவர். அந்த ஈரத்தைத் தராசில் காணலாம்." அடியில் "இங்ஙனம், தறிக்காரத் தோழர்கள்" என்று போட்டிருந்தது.

"நீயே படிப்பா. உனக்குத்தான் குரல் கணீர்னு இருக்குது" என்றாய்.

படித்தேன். சத்திரமே சிரித்தது. விஷயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. முதலாளியும் சிரித்தார்.

"நல்லா படிச்சபா. சாப்ட்டுப் போ."

தறியில் இருந்த சேலை முடிந்தது. அடுத்த சேலைக்கு முதலாளி பாவு நூல் தரவில்லை. வேறொரு முதலாளியிடம் போய்க் கேட்டேன். "எங்க ஊட்லயும் கல்யாணம் வருது இல்ல?" என்றார்.

உன்னிடம் வந்தேன். "நீதான் எழுதினன்னு போய் ஒரு வார்த்தை சொல்லுபா" என்று கெஞ்சினேன்.

"நான் கவர்மெண்ட் உத்தியோகம்பா, மாட்டிவுடாத. அதான் எல்லாரும் சிரிச்சாங்க இல்ல?"

ஏழு மாதம் தறி வெறுமனே கிடந்தது. பக்கத்துக் கிராமமான கூரத்துக்கு நடந்து போய் மண்வெட்டி பிடித்தேன். கை காய்த்து வெடித்தது. வேறொரு முதலாளி மனமிரங்கிப் பாவு கொடுக்க வந்தார். என் விரல்களைப் பார்த்தார். பட்டிழை அதில் மாட்டி அறுந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். பாவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அப்புறம் நான் நெய்யவே இல்லை.

இப்போது அந்த மடல் உன் புத்தகத்தில் உன் பெயரோடு வந்திருக்கிறது. நீயே எழுந்து படித்தாயாம், முதலாளி நடுங்கினாராம். அவர் நடுங்கவில்லை. இந்தத் தள்ளாத வயதில் இன்றைக்கும் நூலில் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பாராட்டுக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வந்து முன்வரிசையில் உட்காருவேன். மடலின் அடியில் உன் பெயரை அன்றைக்கு ஏன் போடவில்லை? மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் பதில் சொல்.