விசில் அத்தானின் பக்கம்

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, அப்படியே இருங்க" என்று பகலெல்லாம் சொல்லித் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்த ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். எழுத்துப்பிழை திருத்தப் போனவளை நாளடைவில் நிர்வாகிகளில் ஒருத்தியாக்கிவிட்டார்கள். தேறாத கட்டுரைகளை நீக்குகிற வேலை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

கணவரின் அண்ணன் கைப்பந்து நடுவராக இருந்து ஓய்ந்தவர். குடும்பத்தில் அவருக்குப் பெயரே விசில்தான். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தன்னைப் பற்றித் தானே அங்கே ஒரு கட்டுரை எழுதிப் போட்டார். அவளிடம் மூச்சுவிடவில்லை. அவளே பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்திருப்பார்.

வேறொரு நிர்வாகி அதன் தலையில் நீக்கல் அறிவிப்பை ஒட்டினார். தற்புகழ்ச்சி, ஆதாரம் இல்லை என்பது காரணம். நீக்கலாமா கூடாதா என்று அதன் கீழே யார் வேண்டுமானாலும் விவாதிக்கலாம். உடனே அவளுக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது.

"என்னம்மா, நீ இருக்கிற எடத்துலயே என்னைத் தூக்கி வெளிய போடறாங்க?"

"உங்களைப் பத்தி வேற யாராவது பத்திரிகையில எழுதியிருக்கணும் அத்தான். அதான் விதி."

"நடுவரைப் பத்தி எவன்மா எழுதுவான்? தப்பா ஊதினாத்தான் எழுதுவான். நான் ஒழுங்கா ஊதித் தொலைச்சுட்டேன்."

அவள் விடுப்புப் போட்டு நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினாள். ஜெயித்தவர்கள் இருந்தார்கள், தோற்றவர்கள் இருந்தார்கள், ஆட்டத்தைக் கெடுத்த மழைகூட இருந்தது. அத்தான் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது; அவருடையதாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு யாரிடம் வாதாட? 'இவர் என் உறவினர், இந்த விவாதத்தில் நான் தலையிட மாட்டேன்' என்று மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கினாள்.

கணவருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. "அண்ணனுக்கு எல்லாரும் ஓட்டுப் போடுங்க" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். சித்தப்பாவிலிருந்து சம்பந்தி வீடு வரை ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி வந்து குவிந்தார்கள். "தங்கமான மனுஷர்." "என் பையனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்." "இவரை நீக்குறவன் விளங்க மாட்டான்." பெரியம்மா ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை வாழ்த்தியிருந்தார்.

அங்கே எண்ணுவது தலையை அல்ல, காரணத்தை. இத்தனை கணக்கும் ஒரே ஆளின் வேலை என்று முடிவுகட்டி, அத்தான் கணக்கோடு சேர்த்து எல்லாவற்றையும் முடக்கினார்கள். கட்டுரையும் போயிற்று. உறவினர் என்று அவள் எழுதியதையே பிடித்துக்கொண்டு, ஆள் திரட்டியது அவள்தான் என்றார் ஒருவர். அவள் விளக்கம் எழுதினாள். எழுத எழுத அது சால்ஜாப்பாகவே தெரிந்தது. வெறுத்துப்போய் நிர்வாகிப் பொறுப்பைத் தானே விட்டுவிட்டாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன்" என்றார் கணவர்.

"தெரியும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அத்தான் நேரில் வந்தார்.

"சண்டையெல்லாம் வேணாம்மா. நான் எழுதினதை மட்டும் எடுத்துக் குடு. நேரா அதுலயே தட்டிட்டேன், தனியா வச்சுக்கல. ஞாபகம் வந்த ஆட்டமெல்லாம் அதுலதான் இருக்கு."

நீக்கிய கட்டுரையை நிர்வாகிகள் மட்டுமே திறந்து பார்க்க முடியும். போன வாரம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே எடுத்துத் தந்திருப்பாள். அதை அவரிடம் சொல்லியும்விட்டாள்.

"உன்னையும் வெளிய போட்டுட்டாங்களா?"

"நானாத்தான் வந்துட்டேன்."

நீக்கிய நிர்வாகிக்கு அவர் எதிரிலேயே ஒரு வேண்டுகோள் எழுதினாள். எழுதியவரே வந்து கேட்கட்டும் என்று பதில் வந்தது. அவர் கணக்கோ முடங்கிக் கிடந்தது. அவள் திரும்பவும் எழுதினாள்; அதற்குப் பதிலே இல்லை.

"நீங்க சொல்லுங்க அத்தான், நான் தட்டறேன்" என்றாள்.

அவர் ஓர் இறுதியாட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் எந்த அணி ஜெயித்தது என்று குழம்பினார். முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தார். அதே இடத்தில் நின்றார்.

"அதுல சரியா எழுதியிருந்தேன்மா" என்றார்.