அகலமான பின்சில்லுகளை விட்டுப்போனவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டின் பல்கனியில் இருந்தபடி, ஒரு காரின் நான்கு சில்லுகளும் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும் என்ற இறுதித் தீர்மானத்துக்கு வந்தேன். பல வருட வாசிப்புக்குப் பின், இரு தரப்பு நியாயங்களையும் காய்தல் உவத்தல் இன்றி ஆராய்ந்து எடுத்த தீர்மானம் அது. மனைவிக்கு அறிவித்தேன். அவர் உழுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார், மறுப்புத் தெரிவிக்கவில்லை. எதிர்த்தரப்புக்கும் அறிவிப்பதற்காகத் தொலைபேசியை எடுத்தபோது அது என் கையிலேயே அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து மனைவியின் தமக்கை, சரோ அக்கா.

"தம்பி, அவர் போயிட்டார்."

"காரிலயோ?" என்று கேட்டேன். கார் அவர் கணவரிடம் இருக்கும் மாதம் அது.

அக்கா அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. குலேந்திரன் அண்ணை நித்திரையிலேயே காலமாகியிருந்தார். வாழ்நாளில் ஒரு விவாதத்திலும் என்னை வெல்ல விடாதவர் கடைசி விவாதத்துக்கு வராமலே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அக்காதான். "நல்லதா எழுதும் தம்பி. உமக்கு அவரைத் தெரியும்தானே" என்றார். தெரியும். இதை வாசிக்கும் உங்களுக்கும் தெரியும். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் தொழிலில் இருந்த அவரிடம் ஓர் உதவியாவது பெறாத குடும்பம் கொட்டாஞ்சேனையில் குறைவு. வத்தளை உறவினர்கள், கலியாண வீடுகளில் அவர் ஆற்றிய வாழ்த்துரைகளை நினைவில் வைத்திருப்பீர்கள். மறக்க முயன்றவர்களையும் அறிவேன். அவர் மணந்தது அக்காவை. நான் மணந்தது தங்கையை. ஆகவே அவர் எனக்குச் சகலன். அந்த உறவை எவரும் தேடிக்கொள்வதில்லை. கலியாணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் மாமனார் தன் கறுப்பு நிற ஜேர்மன் காரை இரண்டு மகள்மாருக்கும் பொதுவாக விட்டுச் சென்றார். கதவுகள் நான்கு, குடும்பத்துக்காக. எஞ்சின் பந்தயத்துக்காக. அதன் பலம் முழுவதும் பின்சில்லுகளுக்கே போகும். "மாறி மாறி ஓடுங்கோ, சண்டை பிடியாதேங்கோ" என்று மாமனார் சொல்லியிருந்தார். முதற்பாதியை நிறைவேற்றினோம்.

முன்சில்லுகள் ஒடுக்கமாகவும் பின்சில்லுகள் அகலமாகவும் இருக்க வேண்டும் என்பது அண்ணையின் கட்சி. நான்கும் ஒரே அளவாக இருந்தால் முன்னையதைப் பின்னுக்கும் பின்னையதை முன்னுக்கும் மாற்றிப் போடலாம், எல்லா ரயர்களும் ஒரே சீராகத் தேயும், ஒரே ஸ்பெயர் சில்லு நான்கு இடத்துக்கும் பொருந்தும் என்பது என் கட்சி. இந்தப் பிரச்சினை முதலில் எழுந்தது பாமன்கடையில், சுனில் என்பவரின் கராஜில்.

"தம்பி, முன்சில்லு வழி காட்டும். பின்சில்லு வேலை செய்யும். ரெண்டுக்கும் ஒரே சப்பாத்தோ?" என்றார் அண்ணை.

"வேலை செய்யிறவனுக்கும் வழி காட்டுறவனுக்கும் ஒரே அளவாக் குடுத்தா என்ன குறைஞ்சுபோகும் அண்ணை?"

"நீர் இவ்வளவு காலமா அரசாங்கச் சுற்றறிக்கையளில சமத்துவம் சமத்துவம் எண்டு மொழிபெயர்த்தனீர். நாட்டுக்கு வந்ததோ? இல்லை. இப்ப அதை என்ர காரில தேடுறீர்."

"எங்கட கார்."

"சரி, எங்கட கார். என்ர மாசம்."

நான் ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளன். அந்தக் கருத்தை அவர் பிறகு இரண்டு சாமத்திய வீடுகளிலும் ஒரு செத்தவீட்டிலும் எடுத்துச் சொன்னார். எல்லா இடத்திலும் சிரித்தார்கள். செத்தவீட்டில் சற்று அதிகமாக.

இணக்கம் ஏற்படாதபடியால் ஒரு நடைமுறை ஏற்பட்டது. அவருக்கு ஒரு தொகுதிச் சில்லுகள், எனக்கு ஒரு தொகுதி. மாதத்தின் முதல் ஞாயிறு கார் கைமாறும். கைமாறும்போது சுனிலின் கராஜில் ஒருவருடைய சில்லுகளைக் கழற்றி மற்றவருடையதைப் பூட்டுவார்கள். ஒரு நாடு ஆட்சி மாறும்போது பெயர்ப்பலகைகளை மாற்றுவதுபோல, மிகுந்த ஒழுங்கோடு இதைச் செய்துவந்தோம். "மஹத்தயா, எனக்கு வேலை கிடைக்கிறது நல்லதுதான்" என்றார் சுனில் ஒருநாள், எங்களுக்காகத் தமிழில். "ஆனா இது பிஸ்ஸு." பைத்தியம் என்பதைத் தன் மொழியில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

அண்ணையின் வாசகம் ஒன்றை இங்கே பதிய வேண்டும். என் சில்லுகளைப் பூட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்வார். "மழைக்க கவனம் தம்பி. பின்பக்கத்தை மெலிய விட்டீரெண்டா அது உம்மை முந்தப் பாக்கும்." இதையே மணமகன்மாருக்கும் வாழ்த்துரையில் சொல்வதுண்டு. எந்தப் பொருளில் என்று எவரும் கேட்கத் துணியவில்லை.

ரயர் இறக்குமதி நின்றுபோன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். என் கொள்கையின் வெற்றியை நாடே சேர்ந்து நிரூபிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். என்னுடைய நான்கும் இடம் மாறி மாறி மெல்லத் தேய்ந்தன. அவருடைய பின்சில்லுகள் இரண்டும் வழுக்கையாகின. கார் கைமாறும்போது அவற்றைப் பார்ப்பதற்காகவே குனிந்து என் செருப்பைச் சரிசெய்வேன். ஒரு ஞாயிறு அவர் இரண்டு புதிய அகல ரயர்களோடு வந்து இறங்கினார். எங்கே எடுத்தார் என்று சொல்லவில்லை. பின்னால் வந்த முச்சக்கர வண்டியில் இன்னும் இரண்டு ரயர்கள் இருந்தன. என் அளவு.

"உமக்கும் எடுத்தனான். உம்மடையும் தேஞ்சு கிடக்கு. குனிஞ்சு பாக்கேக்க உம்மடையையும் பாத்திருக்கலாம்."

நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதையும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் இவை எல்லாம் சில்லறை. இனிச் சொல்வதுதான் பிரதானம். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. கலியாணமாகி, மெல்பேணில் இருக்கும் கணவனிடம் போகப் புறப்பட்டாள். மனைவி விமான நிலையத்துக்கு வந்தால் தாங்கமாட்டேன் என்று வீட்டு வாசலிலேயே அழுது முடித்துக்கொண்டார். நானும் பிள்ளையும் அண்ணையும் போனோம். அவருடைய மாதம், அவருடைய சில்லுகள். பேலியகொடையில், அதிவேக வீதிக்கு ஏறுவதற்குச் சற்று முன்னர், இடப்பக்கப் பின்சில்லு காற்றுப் போனது.

ஸ்பெயர் சில்லு ஒடுக்கமானது. முன்னுக்கு மட்டுமே பொருந்தும். "கொஞ்சத் தூரம்தானே அண்ணை, போட்டு ஓடுவம்" என்றேன்.

"ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னனா ஓடினா பின்னுக்கு உள்ள கியர்ப் பல்லெல்லாம் அரைஞ்சுபோகும். மாமாவின்ர கார் தம்பி."

அவருக்குத் தெரிந்த ஒருவரின் வான் அந்த வழியாக வந்தது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்களுக்கு எப்போதும் தெரிந்தவரின் வான் வரும். அதில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

"நீர் காரோட நில்லும். நான் பிள்ளையைக் கொண்டுபோய் விடுறன். எயார்போட்டில எனக்கு ஆக்களைத் தெரியும். உமக்கு ஆரைத் தெரியும்?"

"எனக்குப் பிள்ளையைத் தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் எனக்கு மறுநாள் பின்னேரம்தான் வந்தது. ஆரணி வான் கண்ணாடிக்குள்ளால் கையசைத்தாள். நான் பேலியகொடை மீன் சந்தைக் காற்றில் அவருடைய அகலச் சில்லின் பக்கத்தில் நின்றேன். விமான நிலைய வாசலில் பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்து அழுகிற படத்தை அன்றிரவே அனுப்பினார். மனைவி அதைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் "தகப்பனும் மகளும் நல்லா இருக்கினம்" என்கிறார்கள். அந்த மனிதரைப் பழிவாங்குவது என்று பேலியகொடையிலேயே முடிவெடுத்துவிட்டேன். விதமும் வேளையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அவர் காலமான செய்தி கேட்டு ஆரணி உடனே புறப்பட்டாள். அவள் வரும்வரை உடலை மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். "உங்களுக்கும் இப்பிடிப் பறந்து வருவாளோ எண்டுதானே யோசிக்கிறீங்கள்" என்றார் மனைவி. நான் அப்படி யோசிக்கவில்லை என்று சொன்னேன். அவர் ஓம் என்றார்.

கனத்தை மயானத்தில் தகனம் முடிந்தது. மறுநாள் சாம்பலை முகத்துவாரத்தில் கடலில் கரைக்க வேண்டும். காரைக் கொண்டுவரும்படி அக்கா சொன்னார். இரண்டு நாட்களுக்கு முன்னரே காரை பாமன்கடைக்குக் கொண்டுபோயிருந்தேன்.

"இன்னும் ஞாயிறு வரேல்லையே" என்றார் சுனில்.

"அண்ணை இனி வரமாட்டார்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஜாக்கியை எடுத்தார். பிறகு அண்ணையின் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, என்னுடையவற்றைப் பூட்டினார். அன்று பிஸ்ஸு என்று சொல்லவில்லை.

ஆரணி பின்சீற்றில் சாம்பல் முட்டியை மடியில் வைத்திருந்தாள். "அப்பா, மெல்லமாப் போங்கோ. பெரியப்பா இருக்கிறார்" என்றாள். மெல்லமாகவே போனேன். எனக்கும் அவசரம் இருக்கவில்லை. கனத்தையிலிருந்து முகத்துவாரம் வரை, ஒவ்வொரு சந்தியிலும் மகிழ்ந்தபடி ஓட்டினேன். குலேந்திரன் அண்ணை தம் இறுதிப் பயணத்தை நான்கு சம அளவுச் சில்லுகளில் மேற்கொண்டார் என்பதை, அவருடைய நண்பர்களும் உறவினர்களும் அறியும்பொருட்டு இங்கே பதிவு செய்கிறேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அக்கா, தான் கார் ஓடுவதில்லை என்றும் இனி அது எங்களுடையதே என்றும் சொன்னார். அகலமான அந்த இரண்டு பின்சில்லுகளையும் "அவற்ற ஞாபகமா வைச்சிரும்" என்று தந்தார். அவை எங்கள் பல்கனியில் இருக்கின்றன. ஒன்றின் மேல் மனைவி துளசிச் சாடியை வைத்திருக்கிறார். மற்றதில் நான் காலை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை இவை இரண்டும், முன்சில்லு வழி காட்டும் பின்சில்லு வேலை செய்யும் என்ற வாசகமும், வரவேற்பறைப் படமும். அந்தப் படத்தைக் கழற்றுவதற்கு இனித் தேவை இருக்காது, பக்கத்தில் என்னுடையதும் தொங்கும். நாளை ஆரணி திரும்பிப் போகிறாள். அக்காவும் வழியனுப்ப வருகிறார். என்னுடைய கார், என்னுடைய சில்லுகள், நான்கு இடத்துக்கும் பொருந்தும் ஸ்பெயர். இம்முறை பிள்ளையை வழியனுப்பப்போவது நான்.

மேலே உள்ளவை சனிக்கிழமை எழுதப்பட்டவை. ஞாயிறு பின்னேரம் நல்ல மழை. பேலியகொடையில், அதிவேக வீதிக்கு ஏறும் வளைவில் காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தி, பக்கத்து இரும்பு வேலியில் போய் நின்றது. ஒருவருக்கும் காயம் இல்லை. பொலிசார் வரும்வரை சாரதி அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு வானை அக்கா கைகாட்டி மறித்தார். அதில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

வரவேற்பறைச் சுவரில் இப்போது இரண்டு படங்கள் தொங்குகின்றன. இரண்டிலும் நான் இல்லை.