தண்டவாளத்தில் வைத்த அடையாளம்

கைவிடப்பட்ட ரயில் பாதையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கைத்தடியும் நாயுமாக நடப்பது வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பொழுதுபோக்காகிவிட்டதாம். கிள்ளானிலிருந்து வந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் குழாயடியில் நின்று சொன்னார். பழைய மதகின் மேல் ஏறி நின்று படமும் பிடித்துக்கொள்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாதை போன மேட்டின் ஓரத்தில்தான் எங்கள் ஏழு மாதப் பெண் குழந்தையைப் புதைத்திருந்தோம்.

சோறு போடும்போது மனைவி கேட்டாள்.

“அவங்க நடக்கலாம், நாம போகக் கூடாதா? ஒரு சொம்பு பால் ஊத்திட்டு வந்துடுவோம்.”

சரி, ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

ரப்பர் தோட்டங்களுக்குப் போன அந்தக் கிளைப் பாதையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். விடிந்ததும் நீளப் பிடிச் சுத்தியலோடு நடந்து, ஆணி தளர்ந்திருக்கிறதா, ஆப்பு கழன்றிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது என் வேலை. குளிர்காய்ச்சலில் குழந்தை போன அன்று இடுகாட்டுப் பாதை வெள்ளத்தில் கிடந்தது. கங்காணியிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து மேட்டோரத்தில் புதைத்தோம். ஆண்கள் மட்டும்தான் போனோம். பெற்றவள் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள், அதுதான் வழக்கம்.

அடையாளத்துக்கு ஒரு கல் நட்டிருக்கலாம், ஒரு செடி வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நேர் மேலே இருந்த தண்டவாளத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். ரயில்காரன் புத்தி! மரத்தை வெட்டுவார்கள், கல்லைப் பெயர்ப்பார்கள், தண்டவாளத்தில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று நினைத்தேன். சுண்ணாம்பு மங்கும்போதெல்லாம் புதிதாகப் பூசினேன்.

பிறகு லோரிகள் வந்தன. சரக்கெல்லாம் ரோட்டுக்குப் போனது. பாதையை மூடி எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷமே தண்டவாளத்தைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊரில் எந்த ரயில் அந்தக் கோட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறதோ? விடியற்காலையில் கண் விழித்தால் என் சுத்தியல் சத்தம் எனக்கே கேட்கும். சுத்தியல் மூலையில் சாய்ந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் இறங்கி நடந்தோம். லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. தண்டவாளத்தைத் தாங்கியிருந்த மரக்கட்டைகள் பல அப்படியே கிடந்ததால் கால்கள் பழைய எட்டிலேயே தாவின. வளைவு வந்ததும் என் உடம்பு தானாக ஓரம் ஒதுங்கித் திரும்பிப் பார்த்தது. தண்டவாளமே இல்லாத பாதையில் என்ன வரப்போகிறது? ஆனால் அவளும் ஒதுங்கி நின்றிருந்தாள்.

“ஏதோ வர்ற மாதிரி இருந்துச்சு,” என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெட்ட வெயிலில் பயந்துபோனேன்.

மதகைத் தாண்டி முந்நூறு எட்டா, நானூறா? எங்கே பார்த்தாலும் ஒரே புல். போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கேவலம்தான். கடைசியில் சொல்லிவிட்டேன்.

“எனக்குத் தெரியல புள்ள. தண்டவாளத்துல கோடு போட்டு வச்சிருந்தேன். அதத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க.”

திட்டுவாள் என்று நின்றேன். அவள் மேட்டை விட்டு இறங்கி, எங்கள் லயம் இருந்த இடத்துக்குப் போனாள். சிமெண்டுத் தரையும் தண்ணீர்த் தொட்டியும்தான் மிச்சம். பின்வாசல் இருந்த இடத்தில் நின்றுகொண்டு கத்தினாள்.

“நீங்க மேட்டு மேல நடங்க. நான் சொல்றப்ப நில்லுங்க.”

நடந்தேன்.

“இன்னும் கொஞ்சம்… நில்லுங்க! ஒரு கட்டை பின்னால வாங்க. அங்கதான்.”

பால் சொம்போடு மேடேறி வந்தவளிடம், எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தெனமும் பின்வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். எல்லா எடத்துலயும் தட்டிக்கிட்டே போவீங்க. இங்க மட்டும் நின்னு ரெண்டு தட்டு. அப்ப நீங்க சரியா அந்தத் தொட்டிக்கு நேரா தெரிவீங்க. மழை நாள்ல மூணு தட்டு.”

அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பிள்ளை நனைகிறாளே என்று மழை நாளில் கை தானாகக் கூடுதலாக ஒரு தட்டு தட்டும். நாங்கள் ஒருநாளும் அதைப் பேசிக்கொண்டதில்லை. இவளுக்குத் துக்கம் ஆறிவிட்டது என்று மனதுக்குள் குறைகூடப் பட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவள் உட்கார்ந்து புல்லை விலக்கிப் பாலை ஊற்றினாள். கொஞ்ச நேரம் மண்ணில் கை வைத்திருந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, தூறல் விழ ஆரம்பித்தது. கிளம்பலாம் என்றேன்.

அவள் ஒரு சரளைக் கல்லை எடுத்து வெறும் சொம்பில் தட்டினாள். ஒன்று. இரண்டு. பிறகு கல்லை என்னிடம் நீட்டினாள்.

மூன்றாவதை நான் தட்டினேன்.