ஆறு மணி நேரத்துக்கான பால்

எனக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டதால், எட்டு மாத மகள் ஹனாவுக்குப் புட்டிப்பால்தான். அவளைத் தூக்கிக்கொண்டு, லண்டனில் வேலை பார்க்கும் கணவரிடம் போக முதன்முறையாக விமானம் ஏறினேன்.

சென்னையில் காலை ஆறுக்குப் புறப்பாடு, லண்டனில் பகல் பன்னிரண்டுக்கு வருகை என்று டிக்கெட்டில் இருந்தது. "ஆறு மணி நேரந்தானம்மா! திண்டுக்கல்லுல இருந்து ரயில்ல சென்னைக்குப் போற நேரம்" என்றார் அண்ணன். நானும் மூன்று வேளைக்கு மட்டும் பால்பவுடரைக் கையில் வைத்துக்கொண்டு, டின்னைச் சரக்கோடு போகும் பெரிய பெட்டியில் போட்டுவிட்டேன்.

மூன்றாவது புட்டியும் காலியானதும், "இறங்கப் போறோமா?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். இன்னும் ஐந்தரை மணி நேரம் என்றார். டிக்கெட்டில் இருந்த வருகை நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய லண்டன் கடிகாரப்படி என்பது அப்போதுதான் உறைத்தது. விமானத்திலும் பால்பவுடர் இல்லை.

ஹனா பசியில் வீறிட்டாள். நானும் அழுதேன். அடுத்த வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் எழுந்து வந்தார். "எம்மகன் தூங்குறான். நான் பால் குடுக்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்டார். இறங்குவதற்குள் இரண்டு முறை ஹனாவுக்குப் பசியாற்றினார்.

இப்போதெல்லாம் டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை. எத்தனை மணி நேரம் பறக்கும் என்றே கேட்கிறேன். ஹனா வளர்ந்துவிட்டாள். ஆனாலும் விமானம் ஏறினால், யார் பிள்ளைக்காவது உதவட்டும் என்று என் கைப்பையில் ஒரு பால்பவுடர் பாக்கெட் இருக்கும்.