மால்ட்டாவுக்குப் போன இரண்டு தேங்காய்கள்

வேலையிடத்தில் யாராவது மால்ட்டாவுக்கு விடுமுறை போய்வந்து கைபேசியில் படம் காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செம்மணல் கரை, பச்சைத் தண்ணீர், வரிசையாகக் குடைகள். "நீ போயிருக்கிறாயா?" என்று கேட்பார்கள். போயிருக்கிறேன். அந்தத் தீவின் கடற்கரைகளில் நான் பார்க்காதது அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் ஒன்றே ஒன்றில்தான் இறங்கிக் குளித்தேன். அதைப்போல அவலட்சணமான கரை அந்தத் தீவில் வேறு கிடையாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லண்டனில், மோர்டன் பக்கம் இருந்தோம். ஊரைவிட்டு வந்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் பாரிஸில் யாராவது வயதுக்கு வந்த சாமத்தியவீடு, இல்லாவிட்டால் ஜெர்மனியில் ஒரு கலியாணம். போய் சோறு தின்று, சேலை பார்த்து, சண்டை பிடித்துக்கொண்டு திரும்பி வருவோம். அப்படியிருக்க, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா ஒருநாள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மால்ட்டா போகிறோம் என்றார். பெரியம்மா தொலைபேசியில் சிரித்தார். "அங்க எங்கட சனம் ஆர் இருக்கினம்? ஆற்ற வீட்டில நிப்பியள்?" ஒரு நாட்டில் சொந்தக்காரர் இல்லையென்றால் அங்கே போவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

எனக்குக் காரணம் விளங்கியது. அது நான்தான். அந்த வருடம் நான் நீச்சலில் பெரிய பதக்கம் ஒன்று வாங்கியிருந்தேன். அதற்கு பிஜாமா உடுத்தியபடி நீந்தி, குளத்தின் அடியில் கிடக்கும் கறுப்பு ரப்பர்க் கட்டியை முக்குளித்து எடுத்து, நெஞ்சோடு அணைத்து, மல்லாந்து உதைத்துக்கொண்டே கரைக்குக் கொண்டுவரவேண்டும். நான் கட்டியோடு மேலே வந்தபோது, பார்வையாளர் இருக்கைகளில் அப்பா ஒருவர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் திரும்பவும் தண்ணீருக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. கால்கூட நனைக்கமாட்டார். ஆனால் என் நீச்சல் வகுப்பைத் தவறவிட்டதே இல்லை. இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வந்தாலும் அங்கே வந்து, முன்னாலிருக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி இருப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால்கூட "நாளைக்கு நீச்சலுக்குப் போக ஏலுமே?" என்றுதான் முதலில் கேட்பார்.

பயணத்துக்கு முதல் சனிக்கிழமை டூட்டிங் தமிழ்க்கடைக்குப் போய் அம்மா இரண்டு தேங்காய் வாங்கினார். கடைக்காரருக்குப் பொறுமை போகும்வரை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"அக்கா, சம்பலுக்குத்தானே? எதெண்டாலும் ஒண்டுதான்."

"சம்பலுக்கில்லை. குடுமியோட நல்லதா ரெண்டு தாரும்."

அவற்றைப் பெட்டியில் சப்பாத்துகளோடு வைக்கக்கூடாது என்று தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு அதிகாரி தேங்காயைக் கையில் எடுத்து உருட்டினார். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். திரவம் கொண்டுபோகக்கூடாதாம். தேங்காய் திரவமா என்று கேட்க இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் காதருகே வைத்துக் குலுக்கினார். பின்னால் வரிசை நீண்டது. எதற்கு இது என்று என்னிடம் கேட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். "கறிக்கெண்டு சொல்லு" என்றார் அம்மா. விடுமுறைக்குத் தேங்காயோடு போகும் சனங்களை ஒன்றும் செய்யமுடியாது என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மானம் போனது.

மால்ட்டாவில் கார் இடதுபக்கம் ஓடுவது அப்பாவுக்குப் பிடித்தது. தேங்காய்கள் அம்மாவின் மடியில் இருந்தன. ஹோட்டலிலிருந்து புறப்பட்டு கரையை விடாமல் தீவைச் சுற்றினோம். முதலில் ஒரு பொன்மணல் கரை. நான் உடுப்புக்குள்ளே நீச்சலுடை போட்டு ஆயத்தமாக வந்திருந்தேன். அப்பா என்னைக் கையில் பிடித்து நிறுத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்தார். அலை தொடாத ஈர மணலில் கடலுக்கு முதுகு காட்டி நின்றார். கண்ணை மூடினார். அப்படியே கைகளை முன்னால் நீட்டித் தடவித் தடவி மேல்நோக்கி நடந்தார். வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி காலை மடக்கி வழி விட்டாள். சில அடி போய்க் கண்ணைத் திறந்தார்.

"இதில்லை. ஏறுங்கோ காரில."

அடுத்தது செம்மணல். அங்கும் அதே கூத்து. பிறகு கூழாங்கற்கள் உருளும் ஒரு குடா. அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றார். கற்களைக் காலால் அளைந்தார். "கல்லு சரி. மேல போனா சரியில்லை" என்றார். மறுநாள் படகில் போய்ப் பார்த்த இடத்தில் தண்ணீர் கண்ணாடிபோல அடிவரை தெரிந்தது. என் வயதுப் பிள்ளைகள் மேலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கும் அப்பா கண்ணை மூடி நடந்துவிட்டு, "இதில்லை" என்றார்.

நான் அழுதேன். அழுதேன் என்றால், படகே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "யூ ஆர் சோ மீன், அப்பா! எனக்குத்தானே இந்த ஹொலிடே!"

"நான் பார்க்காத நேரம் நீ தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது. எனக்கு ரெண்டையும் பார்க்க ஏலாது. இடத்தைக் கண்டுபிடிச்சா ஆசை தீர நீந்து."

"என்ன இடம்?"

அப்பா காற்சட்டை மடிப்பை இறக்கிவிட்டார். அம்மாதான் மெதுவாகச் சொன்னார். "இஞ்சேருங்கோ, ஆரையும் இந்த ஊர்ச் சனத்தைக் கேளுங்கோவன்."

"என்னெண்டு கேக்கிறது? இருட்டுக்குள்ள வந்த இடம். காலுக்குத்தான் தெரியும்."

அது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா அந்தத் தீவுக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்தவர் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஊரைவிட்டு வந்தபோது, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் இத்தாலி என்று சொல்லித்தான் படகில் ஏற்றியிருக்கிறான். கரை கண்ணுக்குத் தெரியாத இருட்டில் "குதி" என்று தள்ளிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான். அவன் இன்றைக்கும் எங்கேயோ ஒரு நகரத்தில் கடையும் வீடுமாக இருப்பான். கோயில் திருவிழாவுக்கு உபயமும் செய்வான். நன்றாக இருக்கட்டும். விடியுமுன்னரே அங்கிருந்து ஓடிய அப்பாவுக்கு அந்தக் கரை எப்படியிருக்கும் என்று தெரியாது. காலில் முதலில் கற்கள் உருண்டன, பிறகு தட்டையான பாறை, பிறகு ஒரு குழி. அவ்வளவுதான் தெரியும்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அந்த இடத்துக்கு வந்தோம். அதைக் கடற்கரை என்று எந்தப் படத்திலும் போடமாட்டார்கள். தண்ணீரோரம் கொஞ்சம் கல். அதற்கு மேலே மஞ்சள் நிறத்தில் தட்டையான பாறை. உப்பு விளைவிப்பதற்காக அந்தக் காலத்தில் யாரோ பாறையில் சதுரம் சதுரமாகக் குழி வெட்டியிருந்தார்கள். அழுகிய பாசி நாற்றம். தூண்டிலோடு ஒரே ஒரு கிழவர். ஐஸ்கிரீம் வண்டி இல்லை. கக்கூஸ்கூட இல்லை.

அப்பா கண்ணை மூடி நடந்தார். கற்கள் சரசரத்தன. பாறையில் ஏறினார். நடந்தவர் ஒரு குழிக்குள் கால் வைத்து முழங்கால்வரை போய் அப்படியே குப்புற விழுந்தார். நானும் அம்மாவும் கத்திக்கொண்டு ஓடினோம். அப்பா குழிக்குள் உப்புத் தண்ணீரில் இருந்துகொண்டு சிரித்தார்.

"இதுதான். இப்பிடித்தான் விழுந்தனான்."

"இதா?" என்றேன். அவ்வளவு நாளும் எனக்கு மறுத்த மணல் கரைகள் எல்லாம் என் கண்முன் வந்துபோயின. "இது பீச்சே இல்லை!"

அம்மா பாறையில் கற்பூரம் கொளுத்தினார். காற்றில் அது நிற்கவில்லை. கையால் மறைத்துத் திரும்பவும் கொளுத்தினார். அப்பா ஒரு தேங்காயை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பாறையில் அடித்தார். ஒரே அடியில் சிதறியது. தூண்டில்காரக் கிழவர் எழுந்துவிட்டார். அம்மா சிதறிய தேங்காயில் ஒரு சொட்டை எடுத்துக் கழுவி அவரிடம் கொண்டுபோய் நீட்டினார். அவர் மணந்து பார்த்துக் கடித்தார். பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

"மற்றதையும் உடையுங்கோ" என்றார் அம்மா.

"அது என்ர இல்லை."

அப்பா மற்றத் தேங்காயை எடுத்துக்கொண்டு பாறை விளிம்புக்குப் போய் முழந்தாளிட்டார். அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு குனிந்து தண்ணீரில் விட்டார். அது உடனே போகவில்லை. பாறையில் இரண்டு தடவை முட்டியது. பிறகு குடுமி மட்டும் மேலே தெரிய, யாரோ ஒருவரின் தலையைப்போல ஆடி ஆடி வெளியே போனது.

கை நழுவிவிட்டது என்று நினைத்தேன். அப்பாவால் எடுக்க முடியாது, நீந்தத் தெரியாது. என்னால் முடியும். இடத்தைக் கண்டுபிடித்தால் நீந்தலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். உடுப்போடு குதித்தேன்.

"ஐயோ பிள்ளை!" என்று அம்மா கத்தியது தண்ணீருக்குள்ளும் கேட்டது.

கடல் நீச்சல்குளத்தைப்போல இல்லை. தூக்கியது, இறக்கியது. ஆனாலும் பிடித்துவிட்டேன். வகுப்பில் சொல்லித்தந்தபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்து உதைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். காற்சட்டை, சேட்டு, மணிக்கூடு எல்லாவற்றோடும், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணை மூடியிருக்கவில்லை.

"கொண்டுவந்திட்டன், அப்பா!"

என்னையும் தேங்காயையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். மூச்சு முட்டுமளவு பிடித்தார். கை தட்டவில்லை.

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு படம் இருந்தது. அப்பாவும் இன்னொருவரும் ஒரே துணியில் தைத்த சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சித்தப்பா என்று சொல்லியிருந்தார்கள். எங்கே அவர் என்று கேட்டால், "வழியில நிண்டிட்டார்" என்பார் அம்மா. படத்துக்கு மாலை போடவில்லை. அதனால் நானும் அவர் கெனிங்டன் ஸ்டேஷனில் ரயில் மாறாமல் நிற்பதுபோல எங்கேயோ நின்றுவிட்டார், பிறகு வருவார் என்று நினைத்திருந்தேன்.

நான் பல்கலைக்கழகம் போகிற வயதில்தான் அம்மா சொன்னார். படகுக்குள் அண்ணனும் தம்பியும் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்கள். கால் வைக்கும் கரையிலேயே ஆளுக்கொரு தேங்காய் உடைப்பதென்று. கையைப் பிடித்துக்கொண்டுதான் குதித்திருக்கிறார்கள். இருவருக்கும் நீந்தத் தெரியாது. ஒரு ஆள்தான் குழிக்குள் விழுந்தார். மற்றவர் குழி வரைக்கும் வரவேயில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. நான் பாறையில் பல்லுக் கிட்ட நடுங்கிக்கொண்டு நின்றேன். அம்மா காருக்கு ஓடிப்போய்த் துவாயை எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தார். இருந்தது ஒரு துவாய்தான். அப்பா அதை விரித்து, தேங்காயைப் பொதிந்து, முதலில் அதன் குடுமியைத் துவட்டினார். மெதுவாக, காதுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று பார்ப்பவரைப்போலத் துவட்டினார். அதற்குப் பிறகுதான் என்னைத் துடைத்தார்.

லண்டன் வந்து சேரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை. தேங்காய் அவர் மடியில் இருந்தது.